நடுங்காத கோடு

நாலு வரி எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்கள் நான் வேலை பார்த்த சர்வே பிரிவில் இப்போது இருப்பவர்கள். அங்கே புதிதாக ஓர் ஏற்பாடு வரப்போகிறதாம். மலைப்பாதைகளைச் சரிபார்க்க இனிமேல் யாரும் போக வேண்டியதில்லை. ஜிபிஎஸ் கருவியில் பதிந்த தடத்தையும், கம்ப்யூட்டரில் இருக்கிற வரைபட மென்பொருள் காட்டும் பாதையையும் மேசையிலேயே ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்து, இரண்டும் ஒத்துப்போனால் கையெழுத்துப் போட்டுவிடலாம். முப்பத்தோரு வருஷம் போடி மலையில் ஏறி இறங்கிய ஆள் என்ற முறையில் நான் அதை வரவேற்று எழுத வேண்டுமாம்.

அடப் பாவிகளா. இது நாலு வரியில் முடிகிற சோலியா? முதலில், இது வரவேற்பு இல்லை. வேண்டுமானால் படியுங்கள், வேண்டாமென்றால் கிழித்துப் போடுங்கள்.

நான் வேலையில் சேர்ந்தபோது சங்கிலி பிடித்து அளந்தோம். பிறகு பெரிய பெரிய பெட்டிகளில் கருவிகள் வந்தன. பிறகு கைக்குள் அடங்கும் ஜிபிஎஸ் வந்தது. ஒவ்வொன்று வரும்போதும் ஒரு வாரம் பயிற்சி, ஒரு சான்றிதழ், ஒரு போட்டோ. அதையெல்லாம் எழுதினால் எனக்கே தூக்கம் வரும். நான் சொல்ல வந்தது நெல்லிமேட்டுப் பாதையைப் பற்றி.

குரங்கணிக்கு மேலே, காபித் தோட்டம் முடிந்து ஏலக்காடு தொடங்கும் சரிவில் இருக்கிறது நெல்லிமேடு. முப்பது வீடு இருக்கும். அந்த வருஷம் மலைக் கிராமங்களுக்கெல்லாம் ஆம்புலன்ஸ் பாதைத் தாள் தயாரிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஒரு கிராமத்துக்கு ஒரு தாள். எத்தனை கிலோமீட்டர், எங்கே திரும்ப வேண்டும், வண்டியைக் கடைசியாக எங்கே திருப்ப முடியும், எல்லாம் அதில் இருக்க வேண்டும். வெளியூர் டிரைவர் வந்தாலும் அந்தத் தாளைப் பார்த்து ஏறிவிட வேண்டும் என்பதுதான் நோக்கம். மலையில் பாதி இடத்தில் போனில் சிக்னல் கிடையாது, அதனால் தாள்.

வேலை இப்படி நடக்கும். கருவியை ஜீப்பின் முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாதை முழுக்கப் போவோம். அது போகிற வழியைப் புள்ளி புள்ளியாகப் பதியும். பாதை பிரிகிற இடம் வந்தால் வண்டியை நிறுத்தி, இறங்கி, இரண்டு பக்கமும் நூறு எட்டு நடந்து பார்த்து, எந்தப் பக்கம் வண்டி போகிற பாதை என்று நோட்டில் எழுதிவிட்டுத்தான் ஏற வேண்டும். ஜீப்பின் மீட்டரையும் குறித்துக்கொள்வோம். ஆபீசுக்கு வந்ததும் கருவியின் தடத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, மென்பொருளின் பாதைமேல் வைத்துப் பார்ப்போம். எங்கே விலகுகிறதோ அங்கே யார் சரி என்று தேடுவோம். சில இடத்தில் மென்பொருள் கொண்டை ஊசி வளைவையே வெட்டிவிட்டு நேராகப் போயிருக்கும். சில இடத்தில் நம் கருவி மர நிழலில் குழம்பி ஓடைக்குள் இறங்கி நிற்கும்.

எங்கள் மேலதிகாரி தமயந்தி மேடம். ஒல்லியான உடம்பு, சத்தம் வராத குரல். கம்ப்யூட்டர் திரையில் பார்க்க அவருக்குப் பிடிக்காது. இரண்டு கோட்டையும் தனித்தனித் தாளில் அச்செடுத்துக் கொடுக்கச் சொல்வார். இரண்டையும் சேர்த்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, வெளிச்சத்துக்கு எதிரே நின்று, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பார். பார்த்துக்கொண்டே கேட்பார், "கோடு எங்க நடுங்குது முத்தையா?"

அவர் கேட்பதில் அர்த்தம் உண்டு. ஏலக்காட்டுக்கு மேலே பெரிய மரங்கள் கூரை போட்ட மாதிரி நிற்கும். அதற்கடியில் எந்தக் கருவிக்கும் வானம் சரியாகத் தெரியாது. அதனால் தடம் கொஞ்சம் குடித்தவன் நடையாகத்தான் வரும். நடுங்குகிற இடத்தைச் சொன்னால், அதைப் பற்றி இரண்டு கேள்வி கேட்பார். பதில் திருப்தியில்லை என்றால் திட்ட மாட்டார். "திரும்ப ஒருவாட்டி சொல்லுங்க" என்பார். திரும்பச் சொல்லும்போது நமக்கே தெரிந்துவிடும், நாம் விடுகிற கதை.

நெல்லிமேட்டுக்கு என்னை ஏற்றிக்கொண்டு போனவன் மொக்கைச்சாமி. போடி ஸ்டாண்டில் சொந்த ஜீப் ஓட்டுகிறவன். "ஸ்டாண்டுல மீட்டர் ஓடுற ஜீப்பு என்னுது மட்டுந்தாண்ணே" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவான். அது உண்மைதான். அதனால்தான் எங்கள் வேலைக்கெல்லாம் அவனைக் கூப்பிடுவோம். பதினைந்து வருஷப் பழக்கம். நான் அவனை மாப்ளே என்பேன், அவன் என்னை அண்ணே என்பான். அவன் மகள் பேச்சியை நெல்லிமேட்டில்தான் கட்டிக்கொடுத்திருந்தான். அப்போது அவளுக்கு எட்டு மாசம்.

ஐப்பசி மாசம். காலையிலிருந்து சாரல். நெல்லிமேட்டுக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது ரெட்டைப்பாதை என்கிற இடம் வரும். இடது பக்கம் பழைய பாதை, வலது பக்கம் புதிதாக வளைத்து வளைத்து வெட்டிய பாதை. இரண்டும் அடுத்தடுத்தேதான் ஏறும். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே இரண்டு வரிசை ஏலச்செடிதான் இருக்கும், சில இடத்தில் நாலு வரிசை.

மொக்கைச்சாமி வண்டியை நிறுத்தினான். "எறங்கிப் பாக்குறீங்களாண்ணே?"

நான் வெளியே பார்த்தேன். ஈரத்தில் ஒவ்வொரு இலை நுனியிலும் அட்டை தலையைத் தூக்கிக்கொண்டு நின்றது. முந்தின நாள் கடித்த இடமே இன்னும் அரித்துக்கொண்டிருந்தது.

"அட்டையா கெடக்கு மாப்ளே. நீ போ. எல்லாத்தையும் கருவி பாத்துக்கும்" என்றேன்.

அவன் வலது பக்கம் ஏறினான். நான் இறங்கவில்லை, நோட்டில் எழுதவுமில்லை. நடந்தது அவ்வளவுதான். என் வேலைக்காலம் முழுவதையும் தராசின் ஒரு தட்டில் வைத்தால் அந்த ஒரு நிமிஷம் மறுதட்டில் கிடக்கும்.

ஆபீசில் தடத்தை ஏற்றினேன். கண்ணை நம்ப முடியவில்லை. கருவியின் கோடும் மென்பொருளின் பாதையும் தலைமுதல் கால்வரை ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு இடத்தில்கூட விலகல் இல்லை. ஆபீசில் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்றைக்கு நான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

மேடம் ஜன்னலில் ஒட்டினார். வெகுநேரம் பார்த்தார்.

"எங்கயுமே நடுங்கலையே?"

"கருவி புதுசு மேடம்."

"ஜீப் மீட்டர் அறுநூறு மீட்டர் கூடக் காட்டுதே?"

"டயரு தேய்ஞ்சிருக்கு மேடம். தேய்ஞ்ச டயருன்னா மீட்டர் கூடத்தானே ஓடும்."

"அறுநூறு மீட்டருக்கா தேயும்? திரும்ப ஒருவாட்டி சொல்லுங்க."

நான் திரும்பச் சொன்னேன். முன்னைவிட உறுதியாகச் சொன்னேன். அன்று மாலைக்குள் எல்லாத் தாளும் வேண்டுமென்று மேலே இருந்து மூன்று முறை போன் வந்திருந்தது. மேடம் என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

கார்த்திகை மாசம் ஒரு நாள், பகல் பன்னிரண்டு மணி இருக்கும். மொக்கைச்சாமியிடமிருந்து போன் வந்தது. குரலே சரியில்லை.

"அண்ணே, பேச்சிக்கு வலி வந்துருச்சுண்ணே. நாளு இன்னும் இருவது கெடக்கு, வெள்ளிக்கெழம கூட்டியாரலாம்னு இருந்தேன். பத்து மணிக்கே ஆம்புலன்சுக்குச் சொல்லியாச்சு. குரங்கணியத் தாண்டிப் போனதைப் பாத்தவங்க இருக்காங்க. மேல போய்ச் சேரலையாம். சம்பந்தியம்மா தண்ணித்தொட்டிமேல ஏறி நின்னு போன் பேசுது, அழுகுதுண்ணே. டிரைவரு வெளியூர்க்காரனாம், ஒங்க தாளப் பாத்துத்தான் போயிருக்கான். தாளுல எப்டிப் போட்டிருக்கீங்க?"

பகலில் நெல்லிமேட்டில் ஒரு ஜீப்பும் நிற்காது. எல்லாம் விடியற்காலையில் ஆள் ஏற்றிக்கொண்டு தோட்டங்களுக்குப் போய்விடும், சாயங்காலம்தான் திரும்பும். ஆம்புலன்ஸை விட்டால் அந்தப் பெண்ணுக்கு வேறு வழியில்லை.

"பாதையெல்லாம் சரியாத்தான் இருக்கு மாப்ளே. ரெண்டும் ஒத்துப்போச்சு, பதறாத" என்று சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரில் நெல்லிமேட்டைத் திறந்தேன். "ரெட்டைப்பாதையில இடது கை. பெறகு பழைய கல்பாலம்..."

"எதுண்ணே? இடதா?"

"ஆமா. நாம போன தடம் அப்டித்தான் பதிஞ்சிருக்கு."

"அண்ணே, நாம எங்க இடதுல போனோம்? அந்தக் கல்பாலம் ரெண்டு வருசத்துக்கு முன்னாடியே பாதி போயிருச்சு. நாம வலதுலதானே ஏறுனோம்! நாந்தானே ஓட்டுனேன்!"

என் கருவி, என் கையில் இருந்த கருவி, நான் போகாத பாலத்தின்மேல் நான் போனதாகச் சொல்லிக்கொண்டிருந்தது. "ஸ்டாண்டுலருந்து ஆபீசுக்கு வா" என்று மட்டும் சொல்லி போனை வைத்தேன். அலமாரியிலிருந்து கருவியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். எங்கள் ஆபீஸ் வளாகத்தின் நடுவில், கொடிக்கம்பத்தடியில் நின்று திரையைப் பார்த்தேன். நான் ரோட்டில் நிற்பதாகக் காட்டியது. இருபது எட்டு தள்ளி நின்றேன். அப்போதும் ரோட்டில்தான் நின்றேன்.

அமைப்புகளைத் திறந்தேன். லாக் ஆன் ரோடு. புதுக் கருவியில் அந்த வசதி முதலிலிருந்தே போட்டபடி இருந்தது. டவுனுக்குள் கார் ஓட்டுகிறவர்களுக்காக வைத்தது. நீங்கள் ரோட்டை விட்டுக் கொஞ்சம் விலகி இருந்தாலும், கருவி உங்களைப் பிடித்துத் தன்னிடம் இருக்கிற வரைபடத்தின் ரோட்டில் ஒட்டவைத்துவிடும். அந்த வரைபடத்தில் இருந்தது பழைய பாதை மட்டும்தான். எங்கள் கம்ப்யூட்டரில் இருந்ததும் அதே வரைபடம்தான். நான் வலது பக்கம் ஏற ஏற, கருவி என்னை இடது பக்கப் பாதையில் ஒட்டவைத்துக்கொண்டே வந்திருக்கிறது. ஜீப் மீட்டர் கூடக் காட்டிய அறுநூறு மீட்டர் புதுப்பாதையின் வளைவுகள்தான். நான் கருவியையும் மென்பொருளையும் ஒப்பிடவே இல்லை. கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டு, எதிரே ஒருவன் அப்படியே என்னைப் போல இருக்கிறான் என்று டீ வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

மேடத்திடம் போய் நின்றேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திரும்ப ஒருவாட்டி சொல்லச் சொல்லவில்லை. ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்தார். வண்டியில் இருப்பவர்களின் போன் கிடைக்கவில்லை என்று அங்கே சொன்னார்கள். அடுத்த வண்டி தேனியிலிருந்து வர வேண்டும். மேடம் நெல்லிமேட்டுத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"ஜீப் வந்துருச்சா?"

"மேடம், நீங்க எதுக்கு..."

"என் கையெழுத்தும் இருக்கு."

மொக்கைச்சாமி அன்று ஓட்டிய மாதிரி யாரும் ஓட்டிப் பார்த்ததில்லை. குரங்கணி வரைக்கும் அடிக்கொருதரம் போனை எடுத்துப் பார்த்தான். அதற்கு மேல் சிக்னல் போய்விட்டது. மேடம் பின் இருக்கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, புடவை முழுக்கச் சேறு தெறிக்க உட்கார்ந்திருந்தார். காபித் தோட்டம் தாண்டியதும் மூடுபனி இறங்கியது. கடவுளே, வண்டி வலது பக்கம் போயிருக்கட்டும், யாராவது வழியில் சொல்லியிருக்கட்டும் என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தேன்.

ரெட்டைப்பாதையில் மண் ஈரமாக இருந்தது. புது டயர்த் தடம் தெளிவாக இடது பக்கம் போயிருந்தது.

மொக்கைச்சாமி ஸ்டியரிங்கைக் குத்தினான். "ஐயோ, ஐயோ" என்றான். வலது பக்கம் ஏறினால் கால் மணி நேரத்தில் மகளிடம் போய்விடலாம். ஆனால் வெறும் ஜீப்போடு போய் அவன் என்ன செய்வான்? நர்ஸும் மருந்தும் இடது பக்கம் போன வண்டியில்தான் இருந்தன. வண்டியை இடது பக்கம் ஒடித்தான்.

அரை கிலோமீட்டர் போயிருப்போம். கல்பாலத்துக்கு நூறு அடி முன்னால், பாதையின் விளிம்பு இடிந்து, ஆம்புலன்ஸின் பின்சக்கரம் ஓடைப்பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. டிரைவர் அச்சுக்குக் கல் முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு முழங்கையிலும் ரத்தம். உதவி தேடி மேலே நடந்து போயிருந்த நர்ஸ், பாலம் உடைந்திருப்பதைப் பார்த்து, ஓடையோரமாக வேறு வழி தேடி அலைந்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார்.

மேடம் கையில் அதே தாள் இருப்பதைப் பார்த்ததும் டிரைவர் தன் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். "சார், இதுலதான் சார் இடதுன்னு போட்டிருக்கு. நான் சரியாத்தான் சார் வந்தேன்."

"நீங்க சரியாத்தான் வந்தீங்க. தப்பு என்னுது" என்றேன்.

நர்ஸையும் பெட்டியையும் ஆக்சிஜன் சிலிண்டரையும் ஜீப்பில் ஏற்றினோம். திருப்ப இடமில்லை. அந்த அரை கிலோமீட்டரும் பின்னாலேயே போக வேண்டும். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் ஓடை, கண்ணுக்கு எட்டின தூரமெல்லாம் பனி. நானும் மேடமும் ஆளுக்கொரு பக்கம் ஜீப்புக்குப் பின்னால் நடந்து சத்தம் கொடுத்தோம்.

"வரலாம் வா, வரலாம் வா... நில்லு! ஒடி, வலது ஒடி! வா!"

ஒரு இடத்தில் இடது பின்சக்கரத்தடியில் மண் சரிந்தது. நர்ஸ் உள்ளிருந்து கத்தினார். மொக்கைச்சாமி கத்தவில்லை. ஒரு விநாடி நிறுத்தி, மூச்சு விட்டு, ஒரே மிதியில் பின்னால் ஏற்றிவிட்டான். ரெட்டைப்பாதைக்கு வந்து சேர இருபது நிமிஷம் ஆனது. அந்த இருபது நிமிஷத்தின் ஒவ்வொரு நிமிஷமும் எனக்கு இன்றைக்கும் தனித்தனியாக ஞாபகம் இருக்கிறது.

நெல்லிமேட்டுக்குப் போனபோது மணி இரண்டாகப் போகிறது. குழந்தை பிறந்திருந்தது. ஆண் குழந்தை. கொடி கழுத்தில் சுற்றி, அழாமல் கிடந்தது. நர்ஸ் தரையில் முட்டிபோட்டு உட்கார்ந்து அரைமணி நேரம் போராடினார். பிறகு நிமிர்ந்து எங்களைப் பார்த்து இல்லை என்று தலையசைத்துவிட்டு, உடனே பேச்சி பக்கம் திரும்பினார். அவளுக்கு ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அதை நிறுத்தி, மருந்து ஏற்றி, அதே ஜீப்பில் படுக்கவைத்துக் கீழே கொண்டுவந்தோம். பேச்சி பிழைத்தாள். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் அவளும் இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஒரு மணி நேரம் முன்னால் போயிருந்தால் குழந்தை பிழைத்திருக்குமா என்று நான் கேட்டேன். நர்ஸ் கையைக் கழுவிக்கொண்டே, "சொல்ல முடியாது சார்" என்றார். பிழைத்திருக்காது என்று அவர் சொல்லியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

விசாரணை வந்தது. விசாரித்த அதிகாரி நல்ல மனிதர். "கருவியில கோளாறுன்னு எழுதிட்டா எல்லாருக்கும் முடிஞ்சிரும். என்ன சொல்றீங்க?" என்றார். மேடம் ஓய்வுபெற ஆறு மாசம்தான் இருந்தது. நான் அவரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கருவியில கோளாறு இல்லைங்க. அது சொன்னபடிதான் செஞ்சுது. ரெட்டைப்பாதையில நான் எறங்கலை" என்றேன்.

"ஏலக்காட்டுல கோடு நடுங்காம வராதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கையெழுத்துப் போட்டேன்" என்றார் மேடம். எங்கள் இருவருக்கும் தண்டனை வந்தது. வர வேண்டியதுதான்.

எல்லாப் பாதையையும் புதிதாக அளக்கச் சொல்லி உத்தரவானது. நெல்லிமேட்டுக்கு யார் ஜீப்பைக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. வேறு ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போக வேண்டிய நாள் காலையில் ஆபீஸ் வாசலில் மொக்கைச்சாமியின் ஜீப் நின்றது. நான் கூப்பிடவில்லை, அவனாக வந்திருந்தான். ஏறி உட்கார்ந்தேன்.

ரெட்டைப்பாதையில் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தான். சாரல் விழுந்துகொண்டிருந்தது. இருக்கைக்கடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தான். கல்லுப்பு.

"எறங்குங்க சார். ரெண்டு பக்கமும் நடந்து பாத்துட்டு வாங்க. நான் நிக்கிறேன்."

பதினைந்து வருஷத்தில் அவன் என்னை சார் என்று கூப்பிட்டது அன்றுதான்.

இறங்கினேன். இடது பக்கம் ஆம்புலன்ஸ் சரிந்த இடம் வரைக்கும் நடந்தேன். வலது பக்கம் முதல் வளைவு வரைக்கும் நடந்தேன். திரும்பி வந்தபோது முழங்கால் வரைக்கும் அட்டை. மொக்கைச்சாமி கீழே உட்கார்ந்து, என் காலைத் தன் தொடைமேல் தூக்கி வைத்து, ஒவ்வொரு அட்டையாக உப்பு வைத்து எடுத்துப் போட்டான். ஒன்றையும் விடவில்லை. முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, "நோட்டுல எழுதிட்டீங்களா சார்?" என்று கேட்டான்.

எழுதிக் காட்டினேன். எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தான். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம், நான் ஓய்வுபெறும் வரைக்கும், எனக்கு அவன்தான் ஓட்டினான். பிரிகிற இடத்தில் எல்லாம் அவனே நிறுத்துவான், உப்புப் பொட்டலம் இருக்கைக்கடியில் இருக்கும். அண்ணே என்று மட்டும் அவன் என்னை மறுபடி கூப்பிடவே இல்லை.